இலக்கம் தைத்த வார்

கமராவுக்கு வார் கடையில் வாங்குவது நல்லதா, நாமே செய்துகொள்வது நல்லதா என்று என் மகள் போன மாதம் கேட்டாள். கைத்தொலைபேசியில் யாரோ ஒரு பெண் பழைய துணியை மடித்துத் தைத்து வார் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையால் செய்ததற்குத்தான் இப்போது மதிப்பாம். கடை வாரை மாட்டிக்கொண்டு போனால் சிநேகிதிகள் சிரிப்பார்களாம். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அதற்கு மேல் அவளிடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

உங்களிடம் சொல்லலாம். ஐம்பதைத் தாண்டிய நமக்கு, கையால் செய்தது என்றால் வாங்க வழியில்லாதது என்றுதான் பொருள். வீட்டில் தைத்த பாடசாலைப் பையை, தையல் வெளியே தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர். கமரா என்றால் அதற்குள் பிலிம் போட வேண்டும், முப்பத்தாறு படம் முடியும்வரை எதுவும் தெரியாது, பின்மூடி திறந்தால் எல்லாம் போய்விடும் என்பதையும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் மகளுக்கு அதிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. அக்காவுக்குப் பதினேழு. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்தாள். கண்டி நகரத்திலிருந்து அம்பிட்டியவுக்கு ஏறும் பாதையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் பிரதம லிகிதர். மாதா கோயிலிலும் பாதையிலும் அவரை எல்லோரும் 'கிளாக்கர் ஐயா' என்பார்கள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால், "கண்டிதான்" என்பார். அதற்கு முன்னால் எங்கே என்று கேட்டால், "அப்பவும் கண்டிதான்" என்பார். அவர் பிறந்தது மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில். பங்குச் சாமியார் ஒருவர் படிக்க வைத்து மேலே வந்தவர். அம்மா பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் அங்கே கொழுந்து பறித்தாள். இந்த இரண்டு விஷயமும் வீட்டுக்குள் எங்களுக்குத் தெரியும். வெளியே சொல்லக்கூடாது என்பதும் தெரியும். யாரும் சொல்லித் தந்ததில்லை.

கமராவைக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி. மத்திய கிழக்கில் சாரதியாக இருந்துவிட்டு வந்தபோது அக்காவிடம் கொடுத்தார். புதிதல்ல, அங்கே ஒரு வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கியது. ஒரு றாத்தல் பாணைவிடக் கனமாக இருக்கும். பட்டனை அழுத்தினால் உள்ளே ஏதோ திறந்து மூடும் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பிலிம் இல்லாமல் நாங்கள் நூறு தடவை அழுத்தியிருப்போம். பிலிம் வரும் சின்னக் கறுப்பு டப்பாவில் அம்மா மிளகுத்தூள் போட்டு வைத்திருந்தாள். அதைத் திறந்தால் மிளகும் ஏதோ மருந்தும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனையை இப்போது எங்கே போய்த் தேடுவது.

கமராவோடு வந்த வார் பாலைவன வெயிலில் பொரிந்து, தொட்டால் கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. இரண்டாம் நாளே அறுந்தது. கமரா கட்டிலில் விழுந்ததால் தப்பியது. அன்று பின்னேரம் அம்மா அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து அக்காவின் மடியில் போட்டாள்.

அது கொழுந்துக் கூடையின் கயிறு. கூடை முதுகில் தொங்கும். கயிறு தலை உச்சியில் மாட்டியிருக்கும். தலையை அறுக்காமல் இருப்பதற்காகக் கயிற்றின் நடுவில் தடித்த காக்கித் துணியை நாலாக மடித்துத் தைத்த ஒரு பட்டை உண்டு. கொழுந்துச் சாறும் தேங்காய் எண்ணெயும் ஊறி அது காக்கியுமில்லாமல் கறுப்புமில்லாமல் இருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பு நூலால் 147 என்று தைத்திருந்தது. தோட்டத்துப் பதிவில் அம்மாவின் இலக்கம் அது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடை மாறிவிடாதிருக்க அவளே தைத்தது.

"எடுத்துக்க. ரெண்டு வருசம் மழையில நனஞ்சும் ஒரு நூல் விடல" என்றாள் அம்மா.

"நம்பரப் பிரிச்சிரவா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "பிரிச்சா ஓட்டை விழும். இருக்கட்டும்."

அக்கா அந்தப் பட்டையை மூன்று நாள் ஊறவைத்துத் துவைத்தாள். இரண்டு முனையிலும் கயிற்றை வெட்டிவிட்டு, திறப்புக் கொத்தில் இருக்கும் இரும்பு வளையங்களை வைத்துத் தைத்தாள். சப்பாத்துத் தைப்பவரிடம் கேட்டு வாங்கிய தடித்த நூல். அதைக் கோயிலில் எரிந்து முடிந்த மெழுகுதிரித் துண்டில் இழுத்து இழுத்து மெழுகேற்றினாள். ஒவ்வொரு முனையிலும் ஒரு சதுரம், சதுரத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. ஊசி துணியில் இறங்காதபோது கரண்டிக் காம்பால் தள்ளினாள். தைத்து முடிந்ததும் வாரைப் பின்வளவுக் கொய்யா மரத்தில் மாட்டி, அதில் ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டாள்.

"வாளிய எறக்குடி. துணி ஊறவைக்கணும்" என்றாள் அம்மா.

"நாளைக்கு."

"அந்தச் சின்னக் கமராவுக்கு ஒரு வாளித் தண்ணி என்னாத்துக்கு? அது என்ன குளிக்கவா போகுது?"

மூன்று நாள் வாளி தொங்கியது. தையலில் ஒரு இழை நகரவில்லை. அக்கா முதலும் கடைசியும் அடிமட்டத்தால் அளந்து பார்த்தாள். வார் அரை விரல் நீண்டிருந்தது. "அது துணியோட இயல்பு" என்றாள். அவள் யாரிடமும் படித்து இதைச் செய்யவில்லை. கனம் எங்கே விழும், எது முதலில் விடும் என்று அவளாகவே யோசித்துச் செய்தாள். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

முதல் நன்மையாகிய நற்கருணை வாங்கும் பிள்ளைகளைப் படமெடுக்க அந்த ஞாயிற்றுக்கிழமை நகரத்திலிருந்து ஸ்டூடியோக்காரர் கோயிலுக்கு வந்திருந்தார். அவர் முஸ்லிம், அக்குறணைப் பக்கத்து ஆள். மூன்று கால் தாங்கியை வளவில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை வரிசைப்படுத்த ஒருமணி நேரம் போராடினார். அவர் வியர்வை துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, யாரையும் அதட்டாமல், ஐந்தாறு படம் எடுத்துவிட்டாள். இரண்டு கையாலும் ஒரு சின்னப்பிள்ளையின் வெள்ளை முக்காட்டைச் சரிசெய்தாள். கமரா அவள் நெஞ்சில் அசையாமல் இருந்தது. அவர் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

"மகள், இந்த வாரு எங்க எடுத்த?"

"நானே செஞ்சேன்."

"சும்மா." அவர் இரண்டு கையாலும் வாரை இழுத்துப் பார்த்தார். முனைச் சதுரத்தைப் பெருவிரலால் தடவினார். "தச்சதும் நீயா? இது என்ன நம்பரு?"

"அம்மாவோட நம்பர்" என்றாள் அக்கா.

அப்பா இரண்டடி தள்ளிப் பங்குச் சபைக்காரர்களோடு நின்றார். அவர் முகம் எப்படிப் போனது என்று நான் பார்த்தேன். ஸ்டூடியோக்காரர் பார்க்கவில்லை. அவர் அப்பாவிடம் திரும்பி, "கிளாக்கர் ஐயா, ஒரு விசயம் கேக்கோணும். எங்கட ஆக்கள்ட கலியாணத்துல பொம்பளப் பக்கத்துக்கு ஆம்புள போகேலாது. கமரா புடிக்கத் தெரிஞ்ச பொம்பளப் புள்ள ஒண்ணத் தேடி நானும் அலுத்துப் போனன். அடுத்த மாசம் அலவத்துகொடையில ஒரு கலியாணம் ஈக்குது. மகள் வந்து செஞ்சி பாக்கட்டும். சரி வந்தா ஸ்டூடியோவுலயே வேல. நீங்க சரியெண்டா மட்டும்தான்" என்றார்.

"பார்ப்போம் முதலாளி" என்று அப்பா சிரித்தார். சிரித்தபடியே அக்காவின் தோளில் கைவைத்து, இலக்கம் உள்பக்கம் போகும்படி வாரைத் திருப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ட்டைக்கூடக் கழற்றவில்லை. சவர பிளேடை எடுத்தார்.

"நம்பரக் கழுத்துல மாட்டிக்கிட்டு கோயிலுக்கு வர்றா. மாட்டுக்கும் ஜெயில்ல கெடக்குற மறியல்காரனுக்கும்தான்டி நம்பர். எத்தன பேர் பார்த்தாங்கன்னு தெரியுமா? அந்த ஆள் என்ன கேட்டான்னு உனக்கு வெளங்கிச்சா?"

"அவரு வாரப் பத்திக் கேட்டாரு."

"வாரப் பத்தியா? எங்கேருந்து வந்தவங்கன்னு கேட்டான்."

ஒரு வாளித் தண்ணீரை மூன்று நாள் தாங்கிய பட்டை பிளேடுக்கும் சுலபத்தில் விடவில்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நாலு துண்டாக்கினார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து துண்டுகளைக் குனிந்து பொறுக்கினாள். "துணி நல்ல துணிங்க" என்றாள். மறுநாளிலிருந்து அந்தத் துண்டுகளை வைத்துத்தான் அடுப்பிலிருந்து சட்டி இறக்கினாள்.

ஆனால் ஒன்றைச் சரியாக எழுத வேண்டும். அப்பா வேலைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள், "போகட்டும். போறவ ஒழுங்கான வாரோட போகட்டும்" என்றார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து கண்டிக் கடைகளில் ஏறி இறங்கித் தானே ஒரு வார் வாங்கி வந்தார். கண்ணாடித் தாளில் சுற்றியிருந்தது. கறுப்பு, வழுவழுப்பு, ஓரத்தில் மஞ்சள் கோடு. புதுச் சப்பாத்தின் மணம். அதை மேசையில் வைத்தபோது அவர் முகத்தில் இருந்தது பெருமைதான். தன் பிள்ளைக்கு நல்லது வாங்கிக்கொடுத்த ஒருவரின் பெருமை. அதை மறைத்து எழுதினால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

வாரைக் கமராவில் மாட்டுவதையும் அவரே செய்தார். வாரின் முனை கமராவின் வளையத்துக்குள் போய்த் திரும்பி, இரண்டு கண்ணுள்ள ஒரு பிளாஸ்டிக் பூட்டுக்குள் நுழையும். அத்தோடு விடக்கூடாது. மிச்ச முனையை மறுபடி பூட்டுக்குள் திருப்பி விட்டு இறுக்க வேண்டும். அதற்காகத்தான் முனையை ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருப்பார்கள். அப்பாவுக்கு அந்தத் தொங்கல் பிடிக்கவில்லை. அலுவலகத்தில் கடதாசிக் கோவைகளைக் கட்டும் நாடாவின் முனைகள்கூட அவருக்கு ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். நாடாவைக் கட்டியபின் கத்தரிப்பார்.

"அது தொங்கணும் அப்பா. திருப்பி உள்ளுக்கு விடணும்" என்றாள் அக்கா.

"விட்டா மொத்தமா துருத்திக்கிட்டு நிக்கும். பார்க்க நல்லாவா இருக்கும்?"

"இல்லாட்டி வழுக்கும்."

"எனக்குப் படிப்பிக்கிறியா? சின்னவ, கத்தரிக்கோல எடு. அடிமட்டத்தையும்."

எடுத்துக்கொடுத்தேன். இரண்டு பக்கமும் அளந்து, பூட்டோடு ஒட்டி, நேராக வெட்டினார். வெட்டிய துண்டுகள் இரண்டும் சரியாக ஒரே நீளம். அவற்றை என் பென்சில் பெட்டியில் போட்டுக்கொண்டேன். எனக்கும் அந்த நேர்த்தி பிடித்திருந்தது. இன்றும் என்னிடம் இருக்கும் இந்த ஒழுங்கு அவரிடமிருந்து வந்ததுதான். அதை நினைக்கும்போது எனக்கு நல்லதாக ஒன்றும் தோன்றுவதில்லை.

கல்யாண வீட்டுக்கு அக்காவைத் தனியே விட அப்பாவுக்கு மனமில்லை. துணைக்கு என்னை அனுப்பினார். பிளாஷ் பற்றரிகள் இருந்த பை என் பொறுப்பு. மேல்மாடி முழுக்கப் பெண்கள். அத்தர், மருதாணி, வட்டிலாப்பம், பன்னீர் என்று எல்லா மணமும் ஒன்றாக எழும்பி நின்றது. வாசலில் நின்ற மணப்பெண்ணின் உம்மா, "ஆம்புள யாரும் இல்லதானே?" என்று இரண்டு தடவை கேட்டு, கதவைச் சாத்தினார். உடனே எல்லோருடைய முக்காடும் இறங்கியது. அறை திடீரென்று வேறு அறையாக மாறியது போலிருந்தது.

"என்னயும் எடு மகள்" என்று ஒரு பருத்த மாமி அக்காவின் கையைப் பிடித்தார். "இருவது வருசமா ஏண்ட மூஞ்சி ஒரு படத்திலயும் இல்ல. கொஞ்சம் மெலிவா தெரியிற மாதிரி எடு."

"அதுக்கு வேற கமராதான் வேணும்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. அறை முழுக்கச் சிரித்தது. அக்கா அந்தச் சிரிப்பையும் எடுத்தாள். எனக்குத் தெரியும், பிளாஷ் வெளிச்சம் அந்த நேரத்தில்தான் அடித்தது.

முப்பத்தோராவது படம். நான் எண்ணிக்கொண்டு வந்தேன். மணப்பெண்ணின் மருதாணிக் கைகளை மேலிருந்து எடுக்க அக்கா ஒரு முக்காலியில் ஏறினாள். பெண்ணின் சட்டைக்கை வளையல்களை மறைத்தது. அக்கா கமராவை நெஞ்சில் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் அதை ஒதுக்கக் குனிந்தாள். வாரை நம்பித்தானே கையை விடுகிறோம். இடப்பக்க முனை பூட்டிலிருந்து வழுக்கி வந்தது. அதற்குச் சத்தமே இல்லை. கமரா சிவப்புச் சீமெந்துத் தரையில் விழுந்த சத்தம்தான் கேட்டது. பின்மூடி திறந்துகொண்டது.

அக்கா முக்காலியிலிருந்து கமராவின் மேல் விழுந்தாள். தவறி விழவில்லை. பிலிமில் வெளிச்சம் படக்கூடாது என்று உடம்பால் மூடினாள். "லைட்ட அணைங்க, லைட்ட அணைங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். யாருக்கும் புரியவில்லை. மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஒருத்தி காற்று வரட்டும் என்று யன்னல் திரையை முழுதாக விலக்கிவிட்டாள். பகல் பன்னிரண்டு மணி வெயில்.

லென்ஸில் விரிசல் விட்டிருந்தது. கழுவிப் பார்த்ததில் உள்சுற்றில் இருந்த மூன்று படங்கள் மட்டும் தப்பியிருந்தன. அந்த மூன்றும் யாரும் வருமுன் எடுத்தவை: வரிசையாக அடுக்கிய கதிரைகள், வட்டிலாப்பத் தட்டுகள், வாசலில் தொங்கிய பூச்சரம்.

நாலாம் நாள் பின்னேரம் ஸ்டூடியோக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் கடதாசிப் பை. அதற்குள் அந்த வார். அப்பா அலுவலகத்திலிருந்து வந்து உடை மாற்றி உட்கார்ந்திருந்தார். மேசையில் அவருடைய கோவைகள், அடிமட்டம், மைப்போத்தல். அக்கா அவருக்குப் பக்கத்தில் நின்றாள். நான் அடுப்படிக் கதவோரம். அம்மா உள்ளே தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள்.

"கிளாக்கர் ஐயா, நான் சண்டைக்கு வரல்ல" என்றார். "பொண்ணுட ஊட்டுக்கு நான் ஒரு பதில் சொல்லோணும். அது மட்டும்தான்." வாரை வெளியே எடுத்து முனையைக் காட்டினார். "இதுல ஒரு வாலு ஈக்கோணுமே. நீளமா. இது வெட்டீக்குது. யாரு வெட்டின?"

அப்பா வாரை வாங்கிப் பார்த்தார். முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்தார். அவர் உண்மையைச் சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன். கோயிலில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர்.

"மூத்தவதான்" என்றார். "வெட்டாதன்னு சொன்னேன். கேக்கல."

ஸ்டூடியோக்காரர் அக்காவைப் பார்த்தார். "அப்புடியா மகள்?"

அக்கா நான் நின்ற பக்கம் பார்த்தாள். நேராக. நான் பென்சில் பெட்டியை நினைத்தேன். அதில் இரண்டு துண்டும் இருந்தன. எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தால் போதும். பத்து அடி எடுத்து வைக்க வேண்டும். நான் என் கால்விரல்களைப் பார்த்தேன்.

அக்கா, "ஓம்" என்றும் சொல்லவில்லை, "இல்ல" என்றும் சொல்லவில்லை.

"முந்தி போட்டிருந்த வாரு எங்க? அது நல்ல வாருதானே" என்றார் அவர்.

"அது பழசு. வீசியாச்சு" என்றார் அப்பா. அதே நேரத்தில் அம்மா உள்ளே அதன் ஒரு துண்டால் கேத்தலைப் பிடித்து இறக்கினாள். துணி சற்றுக் கருகிய மணம் எனக்கு வந்தது.

அவர் தேநீரை முழுதும் குடித்தார். எழுந்து, "மகள், வாரு மாட்டத் தெரியாத ஆள நான் எப்புடி இன்னொரு ஊட்டுக்கு அனுப்புற?" என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்கு சலாம் வைத்துப் போனார்.

அந்த வருடம்தான் அப்பா தன் அலுவலகத்தில் கிடைத்த நாட்குறிப்பொன்றை எனக்குத் தந்திருந்தார். அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: 'ஸ்டூடியோக்காரர் வந்தார். தேநீர் குடித்தார். சீனி இரண்டு கரண்டி. ஐந்தரைக்குப் போனார். மழை இல்லை.' சீனிவரை சரியாக எழுதிய பிள்ளை மற்றதை எழுதவில்லை.

அக்காவைத் தட்டெழுத்து வகுப்பில் சேர்த்தார்கள். கமராவைப் பழுதுபார்க்க யாரும் கொண்டுபோகவில்லை. அது ஒருநாள் போத்தல், பழைய பேப்பர்களோடு போனது. மூன்று வருடத்தில் கலகெதரையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ஸ்டூடியோக்காரர் வேறொரு பெண்ணைப் பழக்கினார். அந்தப் பெண் பின்னால் சொந்தமாக ஸ்டூடியோ போட்டு, அக்குறணையிலிருந்து திகனவரை பெண்கள் பக்கத்துக் கல்யாணங்களை எல்லாம் எடுத்தாள். அவள் பெயர்ப்பலகையைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுத விரும்புகிறேன், முடியவில்லை.

எனக்கு வேலை கிடைத்து, கடவுச்சீட்டுப் படம் எடுக்க ஒருமுறை ஸ்டூடியோக்காரரிடம் போனேன். வயதாகியிருந்தார். யாருடைய மகள் என்று சொன்னதும் அக்காவைத்தான் முதலில் கேட்டார்.

"அன்னைக்கு வெட்டினது அக்கா இல்ல" என்றேன். சொல்ல எனக்குப் பதினாறு வருடம் எடுத்தது.

"தெரியும் மகள்" என்றார். "அப்புடி ஒரு வாரு செஞ்சவ இதக் கத்தரிக்க மாட்டா. மேசையில அடிமட்டம் ஈந்திச்சி. வெட்டு நூல் புடிச்ச மாதிரி நேரா ஈந்திச்சி."

"தெரிஞ்சா ஏன் விட்டீங்க?"

"ஒருத்தர்ட ஊட்டுல குந்தி, அவர்ட டீயையும் குடிச்சிட்டு, புள்ளைகள் முன்னால அவரப் பொய்யர் எண்டு எப்புடிச் சொல்லுற?" கமராவுக்குப் பின்னாலிருந்து முகத்தை எடுத்து யோசித்தார். "நம்பரும் ஒண்ணு தச்சீந்திச்சி. அம்மாட நம்பர் எண்டா. ஸ்கூல்ல உடுப்புக்குத் தைக்கிற நம்பராக்கும் எண்டு நெனச்சன். நிமிந்து இரிங்க, படம் எடுக்கோணும்."

அந்தக் கடவுச்சீட்டுப் படத்தில் என் முகம் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் காட்டியதில்லை. அக்காவையும் என்னையும் தவிர்த்தால், அந்த இலக்கம் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அன்று அந்த வளவில் அப்பாதான். தோட்டத்தில் பிறக்காத யாருக்கும் அது வெறும் மூன்று எண்கள். தோட்டத்தில் பிறந்தவர்கள் இன்னும் சிலர் அங்கே நின்றிருக்கலாம். அவர்களும் வாய் திறந்திருக்க மாட்டார்கள், அவரைப் போலவே.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. அம்மா என்னோடு இருக்கிறாள். செத்த வீட்டுக்கு வந்த அக்கா, முப்பத்தோராம் நாள் பூசைக்குப்பின் அம்மாவைப் பார்க்க வரவில்லை. போன மாதம், மகள் அந்தக் கேள்வியைக் கேட்ட வாரம், நான் கலகெதரைக்குப் போனேன். அக்கா கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் உட்கார்ந்ததும், இத்தனை வருடம் தயார்செய்த வசனத்தைச் சொன்னேன்.

"அன்னைக்கு நீ என்னப் பார்த்த. நான் சொல்லியிருக்கணும்."

"உன்னயா?" அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "உனக்குப் பத்து வயசு. நீ சொன்னா யார் கேக்கப் போறாங்க? நான் ஒனக்குப் பின்னால பார்த்தேன்."

எனக்குப் பின்னால் அடுப்படி.

"அவங்க ஒரு தரம் வெளிய வருவாங்கன்னு பார்த்தேன். சண்ட போட வேணாம். வந்து நின்னாலே போதும், அவருக்கு நாக்கு பொரண்டிருக்கும். தண்ணி கொதிச்சு முடிஞ்ச பொறகும் அவங்க வரல. தேத்தண்ணிய ஒங்கிட்டத்தான் குடுத்து விட்டாங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கோப்பை சுட்டது. அதை மட்டும் எழுதவுமில்லை, மறக்கவுமில்லை.

"அப்பாவ நான் எப்பவோ விட்டுட்டேன்" என்றாள். "அவரு பயந்தவரு. அம்மா பயந்தவங்க இல்ல."

அவளிடம் ஒரு படம் எடுத்துக்கொள்வோமா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் வந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து அம்மாவுக்குக் காலை உணவு வைத்தேன். எல்லா ஞாயிறும் கேட்பதைக் கேட்டாள்.

"மூத்தவ இன்னைக்கும் வரலயா?"

"வசதிப்படலயாம்."

"என்ன வசதி? கலகெதர ரோட்ல எந்நேரமும் பஸ் ஓடுமே."

"ஓடுதும்மா" என்றேன்.

அம்மா பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வேறு ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தாள். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.